கணக்குப்பிள்ளை பதில்கள்

கேள்வி: எல்.இ.டி. பல்பு பெட்டியில் ‘25,000 மணி நேரம்’ என்று அச்சிட்டிருக்கிறது. 24ஆல் வகுத்து, மறுபடி 30ஆல் வகுத்தால் 34 மாதம் சொச்சம்தான் வருகிறது. கடைக்காரரோ 13 வருடம் தாங்கும் என்கிறார். யார் கணக்கு சரி, ஐயா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் வகுத்தலில் பிழை இல்லை, கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கணக்கிட்டது கடிகாரம் ஓடும் நேரம். பெட்டியில் இருப்பது விளக்கு எரியும் நேரம். நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 5,000 நாள், அதாவது 13 வருடம் 8 மாதம்.

ஆனால் உங்கள் பக்கத்து வீடுகளை நான் அறிவேன். முகப்பு விளக்கை மாலை ஆறு மணிக்குப் போட்டால், காலையில் வாசல் தெளிக்க வரும்போதுதான் அணைப்பீர்கள். 12 மணி நேரம் எரிகிற விளக்குக்கு 5 வருடம் 8 மாதம். சாமி அறையில் இரவு பகலாக எரிந்தால்தான் உங்கள் 34 மாதம். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலே எப்போதாவது போடுகிற பல்போ, மணிக்கணக்கு தீரும் முன்பே வெப்பத்திலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் உள்ளிருக்கும் மின்சுற்று கெட்டு நின்றுவிடலாம். ஆயுள் முடிவதென்றால் பட்டென்று அணைவதும் அல்ல. வெளிச்சம் புதிதில் இருந்ததில் 70 சதவீதமாக இறங்குவதைத்தான் பொதுவாக அப்படிக் குறிக்கிறார்கள். வாரண்டி மட்டும் எரிந்த நேரத்தைப் பார்க்காது, பில் தேதியிலிருந்து ஓடும். பில்லைத் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று. 30ஆல் வகுப்பது வட்டிக்கடைப் பழக்கம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி பேசுவதற்குச் சரி. பிப்ரவரிக்கு 672 மணி நேரம், ஜனவரிக்கு 744. சராசரி வேண்டுமானால் 365¼ நாளுக்கு 8,766 மணி நேரம்; 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 730½. பேரேடு எழுதிய கைக்கு 720 என்று முழுசாகப் போடத்தான் ஆசை வரும், ஆனால் ஐந்து வருடக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு மாதத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

கேள்வி: ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள் என்று காலண்டரில் வருகிறதே, ஏன்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே தமிழ் மாதம். உண்மையில் நகர்வது பூமி. ஜூலைத் தொடக்கத்தில் அது சூரியனுக்கு மிகத் தொலைவில் மெதுவாகப் போகிறது. ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகில் விரைந்து போகிறது. அதனால் ஆனி 750 மணி நேரத்தைத் தாண்டும், மார்கழி 710ஐத் தொடாது. தமிழ் மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு மார்கழிதான் லாபம்! பஞ்சாங்கக்காரர் இதையே நாழிகையில் சொல்வார்: 24 நிமிடம் ஒரு நாழிகை, இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம், 60 நாழிகை ஒரு நாள்.

நாள் என்பதை நாழிகையாக உடைத்துக் காலண்டரில் போட முடியாதல்லவா? சூரியன் மறையும் முன் ராசி மாறினால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்த பின் மாறினால் மறுநாள். ஆனி ஒரு வருடம் 31 நாளாகவும் இன்னொரு வருடம் 32 நாளாகவும் வருவது இதனால்தான்.