பல்லித் தொட்டிக்குப் பொய்ப்பாறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலியப் பல்லி வகை) வளர்க்கிறேன். திருமயத்தில் இருந்துகொண்டு தெர்மாகோலில் பாறை செய்ய வேண்டுமா? நிஜக் கல்லையே வைத்தால் என்ன?

கல்லுக்குப் பஞ்சமில்லை, பாரம்தான் சிக்கல். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. அதே அளவு சாதாரண தெர்மாகோல் அரைக் கிலோதான் இருக்கும். கண்ணாடித் தொட்டியின் அடித்தட்டு எத்தனை கல்லைத் தாங்கும்? போதாததற்கு இந்தப் பிராணி கல்லுக்கடியில் மண்ணைப் பறிக்கும். கல் சாய்ந்தால் அதோடு கதை முடிந்தது.

ஆனால் பல்புக்கு நேர் கீழே, அது சூடு காயும் இடத்தில் மட்டும் தட்டையான நிஜக் கல் ஒன்றை வையுங்கள். தெர்மாகோல் சூட்டைப் பிடித்து வைக்காது. 80 டிகிரிக்கு மேல் போனால் இளகவும் தொடங்கும்.

கேள்வி: பாறை வடிவில் சீவிய தெர்மாகோல் மேல் பூசிய சிமெண்ட் பொரிந்து பொரிந்து கொட்டுகிறது. கலவையில் கோளாறா? (காரைக்குடி)

கலவையில் இருக்காது, அவசரத்தில் இருக்கும். முதல் பூச்சையே கெட்டியாக அப்பியிருப்பீர்கள். அது தண்ணியாக, பிரஷ்ஷில் தொட்டு இண்டு இடுக்கெல்லாம் இறங்கும்படி இருக்க வேண்டும். மறுநாள் அதை நனைத்துவிட்டு அடுத்த பூச்சு. மூன்றாவதிலிருந்து தோசைமாவுப் பதத்துக்குப் போகலாம். நாலைந்து பூச்சுக்குக் குறைத்தால் நகம் பட்டே பெயரும். கத்தியில் சீவிய கூரான விளிம்புகளை முதலிலேயே உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்; உடைசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அப்புறம், நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவதும் அதற்காகத்தான். நிழலில் ஈரச்சாக்கைப் போர்த்தி ஒரு வாரம் வையுங்கள்.

கேள்வி: பெயிண்ட் அடித்தால் கீறல் விழுந்த இடமெல்லாம் பல்லிளிக்கிறது. (ஆத்தங்குடி)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. தரைக்கல்லுக்குப் போடும் ஆக்சைடு பொடியைக் கடைசி இரண்டு பூச்சின் சிமெண்டிலேயே கலந்துவிடுங்கள். சிவப்போடு துளி கறுப்பு சேர்த்தால் செம்புராங்கல் நிறம் வரும். கீறினாலும் உள்ளே அதே நிறம். மேலே நிழல் காட்ட மட்டும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் போதும்.

கேள்வி: பழைய வீட்டு வேலையில் மிஞ்சிய சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துப் பூசலாமா? (கானாடுகாத்தான்)

வேண்டாம். செட்டிநாட்டுச் சுவரின் பெருமையே கை வழுக்கும் வழவழப்பு. பல்லிக்கு வேண்டியது நகம் பிடிக்கும் சொரசொரப்பு. ஈரம் காயும் முன் மணலைத் தூவுங்கள், சரியாக இருக்கும்.

கேள்வி: ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டியதும் தெர்மாகோல் குழி விழுந்துவிட்டது.

விழும். தின்னர், பெட்ரோல் வகை எதுவும் அதைக் கரைக்கும். ஈர்க்குச்சிகளைச் செருகி இணைத்து, சந்தில் பி.யு. ஃபோம் (டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கி இறுகும் நுரை) அடியுங்கள்.

கேள்வி: பாறை காய்ந்ததும் இகுவானாவை விடலாமா? (தேவகோட்டை)

கூடாது. புது சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரில் பிஎச் தாளை (காரத்தின் அளவை நிறத்தில் காட்டும் தாள்) நனைத்துப் பார்த்து, குழாய்த் தண்ணீர் காட்டும் அளவே வந்தால் விடலாம். அப்புறம், இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளைப் பதியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்துவிட்டீர்களா?

கேள்வி: இதே முறையில் நட்சத்திர ஆமைக்கு வீடு கட்டலாமா?

அதை வீட்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: பாறையின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாதே, அங்கேயும் பூச வேண்டுமா?

கட்டாயம். தீனிக்குப் போடும் மீல்வோர்ம் புழு தப்பித்து உள்ளே போனால் தெர்மாகோலையே தின்னும். அந்தத் துணுக்கோடு புழுவைப் பல்லியும் விழுங்கும்.