தினமும் காலையில் வயிற்று வலி என்கிறான்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகனுக்குத் திக்குவாய். வகுப்பில் அவனைப் போலவே பேசிக் காட்டுகிறார்களாம், ஒருவன் அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டான். இரண்டு மாதமாகக் காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். 'ஆம்பளப் பிள்ளை, திருப்பிக் கொடுக்கணும்' என்கிறார் கணவர். பள்ளியை மாற்றிவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

அன்புச் சகோதரிக்கு,

அந்த வலி நடிப்பில்லை. மனசு பயந்தால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். லீவு நாளில் வலிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனக்கும் ஏழாவதில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்தவன் முகம்கூட இப்போது நினைவில்லை, ஆனால் வருகைப் பதிவு எடுக்கும்போது என் முறை வருவதற்கு முன்பே பின்பெஞ்சில் கிளம்பும் சிரிப்பும், 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல் தொண்டை அடைத்ததும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. திக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் எப்படி இருக்கும்! கேலி கூடினால் திக்கலும் கூடும், அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொள்வான்.

திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு வகுப்பே சிரிக்கும்போது அவன் யாரை அடிப்பான்? நார்வேயில் 1983இல் டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர் பள்ளிகளில் இப்படிக் கேலி செய்து துன்புறுத்துவதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தார். பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தைரியசாலி ஆக்குவதோடு அது நிற்கவில்லை, ஆசிரியர்கள், பெற்றோர், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் என எல்லோரையும் பொறுப்பாக்கியது. நீங்களும் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆடியோவை அழித்துவிடாமல் தேதியோடு எடுத்து வையுங்கள். அந்தப் பையன் வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். வகுப்பாசிரியரைப் பாருங்கள், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், ஆனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியாமல் போய் நின்றால் அடுத்த முறை உங்களிடமும் சொல்ல மாட்டான். பள்ளி அசையவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. 'செத்துடலாம் போல இருக்கு' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். திக்கலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள், கேலிக்குப் பயந்து இல்லை, அவன் ஆசைப்பட்டால்.

பள்ளி மாற்றம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சரி, இன்று ராத்திரி அவனிடம் ஒன்று கேளுங்கள்: 'எல்லாரும் சிரிச்சப்போ யாருடா சிரிக்கலை?' கண்டிப்பாக ஒரு பெயராவது சொல்வான். அந்தப் பையனைச் சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள்.