பழைய ஆளுங்க புது ரூலுக்கு ஒத்துக்க மாட்டேங்குறாங்க: ஒரு மெடிக்கல் ஷாப் ஓனருக்கு பதில்

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர் எழுதியிருக்கார். அப்பா நடத்துன மெடிக்கல் ஷாப்ப இப்ப இவர் பாத்துக்கறார், நீடாமங்கலத்துல ஒரு கிளை இருக்கு, இன்னொன்னு திறக்கப் போறார். டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுக்காதீங்க, ஹெச்1 ரிஜிஸ்டர (கட்டுப்பாடு அதிகமா இருக்கற மருந்த யாருக்குக் குடுத்தோம்னு எழுதற நோட்டு) அன்னன்னிக்கே எழுதுங்க, பேட்ச் நம்பர் (ஒரே தொகுதியா தயாரான மருந்துக்குப் போடற எண்) போட்டு பில் அடிங்கன்னு சொன்னா கவுன்டர்ல இருக்கற பழைய ஆளுங்க "உங்கப்பா காலத்துல இதெல்லாம் இல்லியே தம்பி"ன்னு சொல்லிட்டு பழையபடியேதான் பண்றாங்களாம். இதுக்கு நடுவுல ஒரு ஏஜென்ட் வந்து, மாசம் ஒரு தொகை குடுங்க ரிஜிஸ்டர நாங்களே எழுதித் தர்றோம், புதுக் கிளைக்கு ஃபார்மசிஸ்ட் சர்டிஃபிகேட்டும் வாடகைக்கு எடுத்துத் தர்றோம்னு சொல்லியிருக்கார். ஆள மாத்தறதா, ஏஜென்ட்கிட்ட விட்டுடறதான்னு கேக்கறார்.

ரெண்டுமே வேண்டாம்.

முதல்ல ஒரு வாரம் சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் நீங்களே கவுன்டர்ல நில்லுங்க. நடவு வேல முடிஞ்சு ஒரு அம்மா வருவாங்க, "காச்ச, ஒடம்பு வலி, ஒரு செட்டு குடுப்பா"ம்பாங்க, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு. உங்க ஆளு கண்ண மூடிக்கிட்டு நாலு அட்டையிலேர்ந்து ஒவ்வொன்னா கத்தரிச்சு கவர்ல போட்டுக் குடுத்துடுவார். முடியாதுன்னு சொன்னா திட்டு வாங்கறது அவரு, அந்தம்மா எதிர்த்த கடைக்குப் போயிடும், மாசக் கடைசில ஏன் சேல்ஸ் கம்மின்னு நீங்க கேக்கப் போறதும் அவரத்தான், சேல்ஸ் பாத்து இன்சென்டிவ் குடுக்கற கடையா இருந்தா அதுவும் போச்சு. ரூல் உங்களுது, நட்டம் அவருக்கு. இதத்தான் நீங்க பழைய ஆளோட பிடிவாதம்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க.

அதனால இன்சென்டிவ்லதான் முதல்ல கை வைக்கணும். சேல்ஸுக்குன்னு குடுக்கற பணத்த அப்படியே சம்பளத்துல சேத்துடுங்க, குறைச்சுடாதீங்க. அப்பறம் "சீட்டு வேணும்"ங்கற வார்த்தைய கொஞ்ச நாளைக்கு உங்க வாயாலயே சொல்லுங்க, அவங்க பக்கத்துல நின்னு கேக்கட்டும். இல்லன்னு மட்டும் சொன்னா சண்டதான் வரும், "காச்சலுக்கு பாராசிட்டமால் தர்றேன், இந்த மாத்திரைக்கு சீட்டு வேணும்மா, காலைல பி.ஹெச்.சி.ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, காமிங்க, காசு கேக்க மாட்டாங்க"ன்னு சொல்லிப் பாருங்க, பாதிப் பேரு கேட்டுக்குவாங்க. மீதிப் பேரு எதிர்த்த கடைக்குத்தான் போவாங்க, போகட்டும், அந்த வியாபாரம் போறத நீங்க ஏத்துக்கறீங்கன்னு உங்க ஆளுங்க கண்ணால பாக்கணும்.

ரிஜிஸ்டர் விஷயம். சட்டத்த சுருக்கமா சொல்லிடறேன். ஷெட்யூல் ஹெச்ங்கறது சட்டத்துல இருக்கற ஒரு மருந்துப் பட்டியல், அதுல இருக்கற மருந்துக்கு சீட்டு வேணும். ஹெச்1 மருந்துன்னா சீட்டும் வேணும், தனி ரிஜிஸ்டரும் வேணும், டாக்டர் பேரு விலாசம், நோயாளி பேரு, மருந்து, எவ்வளவு குடுத்தோம்னு எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும், இது 2014 மார்ச்லேர்ந்து இருக்கு. செஃபிக்சிம், செஃபோடாக்சிம், லீவோஃப்ளாக்சசின், அல்பிரசோலம் எல்லாம் ஹெச்1. அசித்ரோமைசின், அமாக்சிசிலின் வெறும் ஹெச், அதுக்கு சீட்டு போதும். இந்த வித்தியாசம் யாரும் சொல்லித் தராததால ஆளுங்க எல்லா ஆன்டிபயாடிக்கையும் எழுதணும்னு நெனச்சு மலைச்சுப்போய் ஒன்னையுமே எழுதறதில்ல. ஹெச்1 அட்டையில சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கும், அதையெல்லாம் எடுத்து ஒரே ரேக்ல வைங்க, ரிஜிஸ்டரயும் பேனாவயும் அங்கயே கட்டி வைங்க, வேல பாதியாயிடும். ரூலும் இங்கிலீஷ், அட்டையில இருக்கற எச்சரிக்கையும் இங்கிலீஷ், கவுன்டர்ல நிக்கறது பத்தாவது படிச்ச ஆளு. தமிழ்ல ஒரே ஒரு பக்கம் அச்சடிச்சு கடைக்குக் கடை ஒட்ட வைக்க இத்தன வருஷத்துல ஒரு அரசாங்கத்தால முடியாதா? இன்ஸ்பெக்‌ஷன் வந்தா ரிஜிஸ்டரப் புரட்டறாங்க, கவுன்டர்ல இருக்கற பையன் கிட்ட ஒரு கேள்வி கேக்கறதில்ல.

பேட்ச் நம்பருக்கு உங்க ஆளுங்க கிட்ட சட்டம் பேசாதீங்க. 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் சிரப்ப குடிச்சு மத்தியப் பிரதேசம் சிந்த்வாரால குழந்தைங்க செத்துப் போச்சே, டைஎத்திலீன் கிளைகால்ங்கற விஷம் கலந்திருந்துச்சே, அதச் சொல்லுங்க. நாளைக்கே ஒரு பேட்ச திரும்ப எடுக்கச் சொன்னா எந்த வீட்டுக்கு போன் பண்ணணும்னு அந்த பில்லுதான் சொல்லும். புள்ள குட்டி இருக்கற ஆளுங்க, புரிஞ்சுக்குவாங்க. அட்டைய கத்தரிக்கும்போதும் பேட்ச், எக்ஸ்பைரி அச்சடிச்ச ஓரத்த கடைசி வரைக்கும் விட்டு வைக்கச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான ஒன்னு, இதுல கோட்ட விட்டா மேல சொன்னது அத்தனையும் வீணாயிடும். பி.பி., சுகருக்கு வருஷக்கணக்கா மாத்திரை வாங்கறவங்க. ஒரு பெரியவர் ரெண்டு வருஷத்துக்கு முந்துன சீட்ட லேமினேட் பண்ணி பையில வச்சிருப்பார். ஒரு சீட்டுக்கு ஒரு தடவதான் மருந்து, டாக்டரே திரும்பக் குடுக்கலாம்னு எழுதியிருந்தாதான் மறுபடி குடுக்கலாம், அதுதான் ரூல். அத அப்படியே பிடிச்சுக்கிட்டு அந்தப் பெரியவர திருப்பி அனுப்பச் சொன்னீங்கன்னா, இருபது வருஷமா அவர "வாங்கய்யா"ன்னு கூப்ட்ட உங்க ஆளு அன்னிக்கே உங்கள விட்டு விலகிடுவார், அவரு பக்கம் நியாயமும் இருக்கு. பி.பி. மாத்திரை திடீர்னு நின்னா ஆபத்து. அதனால சுத்துப்பட்டுல இருக்கற கிளினிக்குக்கு நீங்களே நடந்து போங்க, நீண்ட நாள் நோயாளிங்க சீட்டுல "6 மாசத்துக்கு, மாசாமாசம்"னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, பெரும்பாலும் டாக்டருங்க மறுக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவ குடுக்கும்போதும் டாக்டர் கையெழுத்துக்கு மேல கடை சீல், தேதி போடணும், லேமினேஷன் மேல போட முடியாது, அதனால புது சீட்டு வாங்கி வரச் சொல்லுங்க. வெளிய போய் வர முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே மாத்திரை வருது, அதையும் உங்க ஆளுங்கள விட்டே சொல்லச் சொல்லுங்க. பழைய வாடிக்கையாளர்ங்க லிஸ்ட் அவங்க தலையிலதான் இருக்கு, அவங்களையே உக்கார வச்சு எழுதுங்க. தூக்க மாத்திரை கேக்கறவங்களுக்கு இந்தச் சலுகைய நீட்டிடாதீங்க.

ஏஜென்ட் விஷயத்துக்கு வர்றேன். இவங்கள எனக்கு நல்லாத் தெரியும். ஒரே ராத்திரி, ஒரே பேனா, ஒரே கையெழுத்துல ஆறு மாச ரிஜிஸ்டர். அதுல செத்துப்போன டாக்டர் பேரும் இருக்கும், ஊர விட்டுப் போன டாக்டர் பேரும் இருக்கும். நீங்க வாங்குன பில்லையும் ரிஜிஸ்டரையும் சேத்து வச்சுப் பாத்தா அரை மணி நேரத்துல குட்டு உடைஞ்சிடும். மருந்துக் கடைக்கான ஃபார்ம் 20, 21 லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு, சஸ்பெண்ட் ஆனா உங்க ஷட்டர்தான் இறங்கும், அந்தாளு அடுத்த கடைல காசு வாங்கிட்டிருப்பான். அதவிட மோசம் ஒன்னு இருக்கு. நீங்க ரிஜிஸ்டர காசு குடுத்து வாங்கறத உங்க ஆளுங்க ஒரு தடவ பாத்துட்டா, அதுக்கப்பறம் நீங்க எந்த ரூல் சொன்னாலும் எடுபடாது.

சர்டிஃபிகேட் வாடகை அதுக்கும் மேல. சீட்டுக்கு மருந்து குடுக்கணும்னா பதிவு பண்ண ஃபார்மசிஸ்ட் நேர்ல இருந்து பாத்துக்கணும், சுவத்துல ஃப்ரேம் மாட்டி வச்சா ஆகாது. புதுக் கிளைய ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க. டி.ஃபார்ம் (ஃபார்மசி டிப்ளமோ) முடிச்சிட்டு, கல்யாணமாகி, சென்னைக்குப் போக முடியாம வீட்ல இருக்கற பொண்ணுங்க நம்ம பக்கம் நிறைய பேரு. பகல் ஷிஃப்ட், ஒழுங்கான சம்பளம்னு கேட்டுப் பாருங்க, தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சில் பதிவு நடப்புல இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. ஆள் சேந்த பிறகு கடையத் திறங்க.