கேளுங்க, சொல்றேன்: இடி இடிக்கும்போது நாஸ் பெட்டி

கேள்வி: அண்ணே, அப்பா எடுத்த கல்யாண வீடியோக்கள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இரண்டு டிஸ்க் போட்ட சினாலஜி நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி) இருக்கின்றன. சாயங்காலம் இடி இடித்தால் வீட்டில் கரண்ட் போய்விடுகிறது. கரண்ட் போனாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூபிஎஸ் வாங்கலாம் என்றால், "பத்து நிமிஷத்தில் வந்துவிடும், எதுக்கு வீண் செலவு?" என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் பக்கம்தான் நான், தங்கச்சி. கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது என்பது இதில் பெரிய விஷயமே இல்லை. போகிற அந்த நொடியில் பெட்டி எதையாவது எழுதிக்கொண்டிருந்தால், நினைவகத்தில் இருந்த மிச்சம் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. ஒரு டிஸ்க்கில் எழுதி முடித்து மற்றதில் பாதியில் நிற்கவும் கூடும்.

அப்புறம், இடி இடிக்கும்போது போவது தெரு கரண்ட்தானா என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால், விழுந்தது உங்கள் வீட்டு பிரேக்கர். யாராவது போய்த் தூக்கிவிடும்வரை கரண்ட் வராது. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் பத்து நிமிஷம் ராத்திரி ஏழு மணி ஆகிவிடும். அடிக்கடி விழுகிறது என்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் காப்பாற்றுவது பேட்டரி இல்லை, யூஎஸ்பி வயர். யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு அது போயிருந்தால்தான் "கரண்ட் போயிருச்சு" என்ற செய்தி பெட்டிக்குத் தெரியும், தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். வயர் இல்லாத யூபிஎஸ், விபத்தை அரை மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பல மாடல்களில் பிரிண்டருக்குப் போடும் சதுர முனை வயர் வரும். சிலவற்றில் யூபிஎஸ் பக்கத்து முனை லேன் வயர் மாதிரியே இருக்கும். அதற்குக் கூடவே வந்த வயரைத்தான் போடணும், வீட்டில் கிடக்கும் லேன் வயரைச் சொருகிப் பார்க்காதீர்கள்.

சினாலஜியில் கன்ட்ரோல் பேனலுக்குள் ஹார்ட்வேர் அண்ட் பவர் என்ற இடத்தில் யூபிஎஸ் பக்கம் இருக்கும். அதை இயக்கி, கரண்ட் போய் ஐந்து நிமிஷத்தில் பாதுகாப்பு நிலைக்கு, அதாவது எழுதுவதை நிறுத்தி ஒழுங்காக மூடிக்கொள்ளும் நிலைக்குப் போகும்படி வையுங்கள். பேட்டரி தீரும்வரை இழுக்க வேண்டாம். கரண்ட் வந்ததும் தானே எழும் வசதியையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது 650 விஏ (யூபிஎஸ்ஸின் திறனைக் குறிக்கும் அளவு) போதும். வாட் கணக்கில் அது 350, 400 தான், ஆனால் நாஸ், மோடம், ரௌட்டர் மூன்றும் சேர்ந்தாலே ஐம்பது வாட் தாண்டுவது அரிது. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கம்ப்யூட்டர் வயர் சொருகும் ஓட்டை மட்டும்தான் இருக்கும், உங்கள் நாஸ் அடாப்டரின் மூன்று முள் பிளக் அதில் ஏறாது. லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

சோதிக்க பிளக்கைப் பிடுங்க வேண்டாம், சுவரில் சுவிட்சை அணைத்தால் போதும். எர்த் தொடர்பு அப்படியே இருக்கும். நாஸ் எதையும் காப்பி செய்யாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் வரும். நம் ஊர் வெயிலில், காற்று போகாத டிவி அலமாரிக்குள் வைத்தால் அதற்கு முன்பே போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி வெளி டிஸ்க்கில், வேறு வீட்டில் இருக்கட்டும். தெரியாமல் அழித்த கோப்பை யூபிஎஸ் திருப்பித் தராது.

கேள்வி: ரௌட்டருக்கு மட்டும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் விற்கிறார்கள். அதையே நாஸுக்கும் போடலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ரௌட்டருக்கு நல்லா வேலை செய்யும், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தினால் சரி. ஃபைபர் மோடமுக்கும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. நாஸுக்கு வேண்டாம். கரண்ட் போன செய்தியைப் பெட்டிக்குச் சொல்ல அந்தச் சாமானில் வழி இல்லை.