ஹட்டனுக்கு வருகிற தம்பிக்கு: காலில் போடுவதை முதலில் பாருங்கள்

தம்பி, மதுரையிலிருந்து இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு ஆசிரியர் வேலைக்கு வருவதாகவும், மனைவியும் சின்ன மகனும் கூட வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு வேண்டிய உடுப்பும் சப்பாத்தும் ஊரிலேயே வாங்கி வரலாமா, வாடகை எவ்வளவு, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளும். வாடகையைப் பள்ளியில் கேளுங்கள், வீடும் அவர்களே காட்டுவார்கள். உடுப்பிலும் சப்பாத்திலும்தான் நம் ஊர்க்காரர்கள் வந்த மாதமே காசைக் கரைக்கிறார்கள்.

முதலில், கம்பளி ஸ்வெட்டர்களைப் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு வராதீர்கள். ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். அந்தக் குளிர் பழகிவிடும், ஈரம் பழகாது. மே கடைசியில் பிடிக்கும் தென்மேற்கு மழை செப்டம்பர் வரை விடாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாள்கணக்கில் வெயிலே தெரியாது. மலையின் கிழக்குப் பக்கம், பண்டாரவளையில் இருப்பவர்கள் சொல்லும் யோசனையை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குப் பெருமழை ஐப்பசியை ஒட்டித்தான்.

ஆகவே எதை வாங்கினாலும் எவ்வளவு சீக்கிரம் காயும் என்று பாருங்கள். தடித்த ஜீன்ஸைத் துவைத்தால் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டியும் பையும் ஈரமாகவே இருந்து வாடை அடிக்கும். மெல்லிய பொலியெஸ்டர் கலந்த களிசான் (பேன்ட்) ஒரு ராத்திரியில் காயும். உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் மெல்லிய பிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி மேலாடை), வெளியே மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். மத்தியானம் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உங்கள் மனைவிக்கு ஜோர்ஜெட் சேலை வசதி, பருத்திச் சேலையின் கரை சேற்றில் நனைந்தால் லேசில் காயாது.

பிளீஸும் ஜாக்கெட்டும் வாங்க நுவரெலியாவில் பேல் பஜார் இருக்கிறது. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சியதும் கழித்ததும் அங்கே வருகின்றன. கழித்தது என்றால் ஏதோ ஒரு குறை இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. கழுத்து லேபிளை வெட்டும்போது கத்தரி துணியில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து நீளம் பாருங்கள். சிப்பை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கக்கத்திலும் களிசானின் கவட்டிலும் தையலை இழுத்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறம்தானா என்று கடைக்கு வெளியே வெளிச்சத்தில் பாருங்கள். மழைக்கோட்டை உள்பக்கம் திருப்பினால் தையல்மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தோளில் தண்ணீர் இறங்கும். லேபிளில் போட்ட அளவை நம்பாமல் போட்டே பாருங்கள், அமெரிக்க அளவு நமக்குப் பெரிது.

ஏப்ரலில் அங்கே போகாதீர்கள். சீசனுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்ததும் விலை ஏறிவிடும். தேயிலைத் தோட்டச் சம்பளம் போடும் 10ஆம் திகதியை ஒட்டியும், தீபாவளிக்கு முன்னாலும் ஹட்டன் கடைகளில் நிதானமாகப் பார்த்து வாங்க முடியாது. இன்னொன்று, நம் ஆட்கள் சிலர் விலையை இந்திய ரூபாயில் கணக்குப் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல இது பாதி விலை" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். 2022இல் இந்த நாட்டு ரூபாய் விழுந்த பிறகு இங்குள்ளவர்கள் பட்ட பாடு தெரியாத பேச்சு அது. அப்படிப் பேசினால் குறைக்க இருந்த நூறு ரூபாயையும் குறைக்க மாட்டார்கள்.

இனி சப்பாத்து. கையில் பணம் குறைவென்றால் உடுப்பில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். இங்கே பாதை எல்லாம் படியும் பாசியும். மலிவான பீ.வீ.சி. அடி குளிரில் இறுகிப் பாசியில் வழுக்கும். அடியில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் அமுங்கி எழும்பும், பள்ளங்களும் ஆழமாக இருக்க வேண்டும். பாவித்த சப்பாத்தும், கடையில் வெகுநாள் கிடந்ததும் புதிதுபோலத் தெரியலாம். அடி பொலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக் என்றால் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போய், போட்ட சில நாளில் பொடியாக உதிரும். வளைத்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் வைத்துவிடுங்கள்.

ஒட்டு மட்டும் போட்ட சப்பாத்து ஒரு மழைக்காலம் தாங்காது. பாட்டா, டீ.எஸ்.ஐ. என்று எந்தக் கடையில் வாங்கினாலும், புதிதிலேயே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலில் சுற்றித் தையல் போடச் சொல்லுங்கள். அந்தக் கூலி வீண்போகாது. சாயங்காலம், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் தள்ளும், அதனால் நுனியில் அரை அங்குலம் இடம் வேண்டும். எண் நம் ஊர் எண்தான், 8 என்றால் ஏற்றுமதிச் சரக்கில் ஐரோப்பிய எண் 42. மகனுக்குக் கறுப்பா வெள்ளையா என்று பள்ளியில் கேட்காமல் வாங்காதீர்கள். வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டி வாங்கினால் படியில் தடுக்கி விழுவான்.

நனைந்த சப்பாத்தை அடுப்பருகே வைத்தால் பசை இளகி அடி கழன்றுவிடும். உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு சோடி வைத்துக்கொண்டு நாள்விட்டு நாள் போடுங்கள்.

ஒரு காலத்தில் இந்த மலையில் மழைக்கோட்டு என்றால் கம்பளிதான். தோட்டத்தில் அதைக் கொடுத்து, விலையைக் கூலிக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். நனைந்தாலும் கம்பளி சூடு தரும், ஆனால் தண்ணீர் குடித்த பாரத்தோடு மலை ஏற வேண்டும். வெறுங்காலில் அட்டைக் கடி வேறு. இன்று இடுப்பில் படங்கு (தடித்த விரிப்பு) கட்டிக்கொண்டு அதே சரிவில் நிற்பவர்களைவிட ஈரத்தையும் வழுக்கலையும் தெரிந்தவர்கள் கிடையாது. நம் ஊரிலிருந்து வரும் சிலர் அவர்களோடு பேசவே கூச்சப்படுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. எந்தச் செருப்பு உழைக்கும், எந்தக் கடை ஏமாற்றும் என்று பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்காவிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

மதுரையிலிருந்து உள்ளாடை, பனியன், கைலி மட்டும் எடுத்து வாருங்கள். வந்த வாரமே மூவருக்கும் குடை, ரப்பர் அடிச் சப்பாத்து, முழங்கால்வரை காலுறை. பிளீஸ் அடுத்த சம்பளத்தில் வாங்கலாம்.