சிக்னலில் இறங்கும் பிரேக் பெடல்: எதை மாற்றுவது, எதை மறுப்பது?

கேள்வி: எங்களுடையது ஒன்பது வருட ஹேட்ச்பேக் கார். போன மாதம் சர்வீஸில் பிரேக் ஆயில் மாற்றினார்கள். அதிலிருந்து வடபழனி சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. ஆயில் எங்கேயும் ஒழுகவில்லை, டப்பாவிலும் குறையவில்லை. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பின் வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 24,000 ரூபாய் எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். அவ்வளவும் தேவையா?
— வாசகி, கே.கே. நகர்

பதில்: முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். மறுபடி மிதித்தால் மேலே வருகிறதே என்ற தைரியத்தில் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப்போக வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்கே ஆனாலும் டோ வண்டியில் போகட்டும். இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அதற்குத் தனிச் செலவு இருக்காது.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருவோம். அதில் பூஸ்டர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காலின் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் பூஸ்டரின் வேலை. அது கெட்டால் பெடல் இறுகும், ஏறி மிதித்தாலும் வண்டி சுலபத்தில் நிற்காது. உங்கள் பெடல் இறங்குகிறது. வீட்டு வாசலிலேயே இதைச் சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போய் நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. இந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்தே சிலர் பயந்துவிடுகிறார்கள், அது இயல்பானது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போவதுதான் கோளாறு.

பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்து, நாலு தடவை மிதித்ததும் கெட்டிப்பட்டால் லைனில் காற்று இருக்கிறது. ஏர் எடுத்தால் சரியாகிவிடும். மிதித்து நிற்கும்போது இறங்கி, டப்பாவில் ஆயிலும் குறைந்தால் எங்கோ லீக். ஆயில் குறையாமலே இறங்கினால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகத்துக்குள், இருக்கும் ரப்பர் கப் மேல்தான். அழுத்தத்தைத் தாங்காமல் ஆயில் அந்தக் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் வந்துவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் விழாது. லேசாக மிதித்தபடி நிற்கும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். ஓங்கி மிதித்தால் கப் விரிந்து அடைத்துக்கொள்ளும். சிக்னலில் இறங்கும் பெடல் மெக்கானிக் மிதித்துப் பார்க்கும்போது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவரை மெதுவாக மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகு ஏன் வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. தினசரி ஓட்டும்போது பெடல் பாதி தூரம்கூடப் போவதில்லை. கப் தேய்த்துப் போகும் இடம் பளபளவென்று இருக்கும். அது எட்டாத முன்பகுதியில் பழைய ஆயிலின் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது ஒருவர் உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழிந்துவிடும். வயதான காரில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முழுசாக இறங்கவிடாமல் மிதிப்பது இதற்காகத்தான். உங்கள் காரில் இதுதான் நடந்தது என்று நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது, கேட்க வேண்டிய கேள்வி மட்டும் இது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளை பிளக் போட்டு அடைத்துவிட்டு, உள்ளே காற்று இல்லாமல் பார்த்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும். அசையாமல் நின்றால் மாஸ்டர் நல்லது; கோளாறு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டிலோ சக்கரங்களின் பக்கமோ இருக்கிறது. இதைச் செய்து காட்டாமல் எழுதிய எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்கும் இதே கதைதான். பின் டிரம்மைக் கழற்றி, ரப்பர் மூடியை ஒதுக்கி, உள்ளே ஈரம் இருந்தால் மாற்றட்டும். காய்ந்திருந்தால் எதற்கு?

மாஸ்டரைக் கழற்றும்போது அதன் பின்பக்கத்தை நீங்களே விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போயிருக்கிறது. பூஸ்டரைப் பற்றிப் பேச அப்போது மட்டுமே நியாயம் உண்டு.

பாகம் வாங்கும்போது ரப்பர் கிட் மட்டும் போட்டால் மலிவு என்பார்கள். உள்சுவர் சொரசொரத்துப் போயிருந்தால் புதுக் கப்பும் கிழியும், அதனால் முழு அசெம்பிளியாகவே வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். சேசிஸ் நம்பரைக் கொண்டுபோங்கள், ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பாகம் மாறலாம். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம், தப்பில்லை. பழைய பிரேக் பாகம் மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை வருடம் எந்த வெள்ளத்தில் கிடந்த காரிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்ததும் பாகத்தின் நம்பரோடு பில்லும், கழற்றிய பழைய பாகமும் கேட்டு வாங்குங்கள். போன மாத சர்வீஸ் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்திருந்தால் நானே ஊற்றிக்கொள்ளலாமா? வீட்டில் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது.
— வாசகர், திருவான்மியூர்

பதில்: அந்தப் பாதி பாட்டிலை ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உங்கள் கடலோரக் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும், அதே வகையில் சீல் உடைக்காத சின்ன பாட்டில் வாங்குங்கள். எஞ்சின் ஆயில் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது, ரப்பரெல்லாம் ஊதிவிடும். பிரேக் பேட் தேயத் தேய லெவல் சிறிது சிறிதாக இறங்குவது சகஜம். ஊற்றி ஒரு வாரத்தில் மறுபடி குறைந்தால் லீக் இருக்கிறது. கிளட்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் கார்கள் உண்டு. அதனால் நாலு சக்கரங்களோடு, கிளட்ச் பெடலுக்குக் கீழே கார்பெட் நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.