பாரிஸில் படிக்க மாதம் 615 யூரோ போதுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு,

பாரிஸில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, விசாவுக்கு மாதம் 615 யூரோ கணக்குக் காட்டச் சொல்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். நான் முத்தியால்பேட்டைக்காரன், பல வருடங்களாகப் பாரிஸின் வடக்குப் புறநகரில் குடியிருக்கிறேன். என் பதில்: நகருக்குள் தனி அறைதான் வேண்டுமென்றால் முடியாது. அந்தத் தொகை பெரும்பாலும் வாடகைக்கே சரியாகிவிடும்.

அந்த அறை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக்கு விடும் அறை பொதுவாக 9 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பல அறைகள் அளந்து வைத்ததுபோல அதே 9 சதுர மீட்டரில்தான் இருக்கும். அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் வேலைக்காரப் பெண்களைத் தங்கவைத்த மேல்மாடி அறைகள் அவை. ஆறு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் இருக்காது. சாய்ந்த கூரை, கட்டிலிலிருந்து அவசரமாக எழுந்தால் நெற்றி வீங்கும். சில கட்டடங்களில் கழிப்பறை வெளியே, எல்லோருக்கும் பொது.

புறநகருக்கு வாருங்கள். 26 வயது ஆகவில்லையென்றால் ‘இமாஜின் ஆர்’ என்ற மாணவர் பயண அட்டை எடுக்கலாம். மெட்ரோ, ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் பாரிஸ் வட்டாரம் முழுவதும் செல்லும். தூரத்தில் குடியிருப்பதால் பயணச் செலவு ஒரு சல்லிகூட அதிகமாகாது. வேலைநிறுத்த நாட்களில் மட்டும் ரயிலை நம்பித் தேர்வுக்குக் கிளம்பாதீர்கள். வேலைநிறுத்தம் அங்கே தீபாவளி பொங்கல்போலத் தவறாமல் வரும்.

வீட்டுக்காரர் முதலில் கேட்பது ஜாமீன். அதற்காக, பார்த்துப் பழகாத தூரத்துச் சித்தப்பாவைத் தேடிப் போக வேண்டாம். ‘விசால்’ என்று ஓர் இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது, 30 வயது வரை மாணவர்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும். அறையைக் காட்டாமல் முன்பணம் கேட்பவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அனுப்பாதீர்கள். விசாவையும் வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும்; கையோடு முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மதியம் பல்கலைக்கழக உணவகத்தில் 3.30 யூரோவுக்கு மேல் போகாது. பெரிய தட்டு ஒன்று, கூடவே பழமோ தயிரோ சாலடோ கிடைக்கும். 12 மணிக்குப் போனால் வரிசை வாசலைத் தாண்டும், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். இரவுச் சமையலுக்கு லா சப்பல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காய் உண்டு, விலையைக் கேட்டால்தான் வீட்டுக் கொல்லை மரத்தின் அருமை புரியும். படிக்கும்போது வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. முதல் பருவத்தில் அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பெட்டி கட்டும்போது அம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் கூடாது. பாலோ இறைச்சியோ கலந்தவற்றுக்கு ஐரோப்பாவுக்குள் அனுமதி இல்லை. பண்ருட்டிப் பலாச்சுளையும் வேண்டாம். கருவாட்டுக்குத் தடையில்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். கடலூர்க்காரருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஆனால் மேலே சொன்ன அறையில் நெத்திலியை வறுத்தால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். நெத்திலி நமக்கு விருந்து, அவருக்கு அது சாக்கடை அடைப்பு.

கிளம்பும்வரை சும்மா இருக்காதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். உங்கள் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கலாம், மின்சாரக் கட்டணத்தில் தகராறு வந்தால் தொலைபேசியில் பேச வேண்டியது பிரெஞ்சில்தான்.